நடந்தவை, நடக்கவிருப்பவை

ஜூலை 6

அக்காவுக்கு,

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மறுபடி செய்தபோது எடுத்து, "எதுவானாலும் எழுதி அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை உன் செய்தி மடல் வழக்கம்போலக் கோயில் வாசல் மேசையில் இருந்தது. வட்டாரத்துப் பிரஸ்பிடேரியன் சபைகளின் சமாசாரம் எல்லாம் அதில் வந்துவிடும் என்பதால், பாட எழுந்திருக்கும் முன் ஒரு புரட்டுப் புரட்டுவது என் பழக்கம். 'நடந்தவை' பகுதியில் துறைமுகச் சபையின் கூரை வேலை முடிந்தது, ரயிலடிச் சபையில் புதிய மூப்பர்கள் பொறுப்பேற்றது. 'நடக்கவிருப்பவை' பகுதியில் பெண்கள் ஐக்கியத்தின் ஒருநாள் கூடுகை, வாலிபர் வினாடி வினா, போதகர்கள் பீடம் மாற்றிப் பிரசங்கிக்கும் ஞாயிறு. அதற்குக் கீழே இது:

"செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் குவாரிச் சபையின் நிறைவு ஆராதனை நடைபெறும். வட்டார மன்றத் தலைவர் செய்தி அளிப்பார். அனைவரும் வருக."

நிறைவு ஆராதனையாம். எங்கள் சபையை மூடுகிறார்களாம். எங்களுக்கே தெரியாமல்.

எங்கள் கோயிலில் ஆர்கன் கிடையாது, அப்பா காலத்தில் இருந்தபடியேதான் இன்றும். முன்பாடகி நான் ஒரு வரி பாடினால் சபை அதைத் திருப்பிப் பாடும். இன்று முதல் வரியைப் பாடினேன். திரும்பி வந்தது பாதிச் சத்தம்தான். மற்றவர்கள் உன் மடலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை எழுதியவளின் தங்கை நான் அல்லவா?

முடிந்ததும் வெடிக்காரர் வந்தார். குவாரியில் வெடி வைத்த காலத்தில் போன காது. அதனால் அவர் ரகசியம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும். "ஆளு உசிரோட இருக்கறப்பவே அடக்கத்துக்குத் தேதி குறிச்சிட்டாளே உங்கக்கா!" என்றார். மூத்த மூப்பர் அவர். அவருக்கே தெரியாத செய்தி உனக்கு எங்கிருந்து வந்தது?

பதில் எழுது.

தங்கை


ஜூலை 11

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் மிகுதியாகவும் நிறுத்தக்குறிகள் குறைவாகவும் இருந்தன. எனினும் பொருள் விளங்கிற்று.

நீ கேட்டதற்கு ஒழுங்காக விடை தருகிறேன். வட்டார மன்றத் தலைவரின் நிகழ்ச்சி நிரல் மன்ற அலுவலகத்திலிருந்து மாதந்தோறும் எனக்கு வருகிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறுக்கு நேரே, குவாரிச் சபை, நிறைவு ஆராதனை என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. தலைவர் ஒரு பணிக்கென்று நாளை ஒதுக்கியிருக்கிறார் எனில் அப்பணி உறுதியானது என்று கொள்வதே முறை. அம்முறைப்படியே வெளியிட்டேன்.

இம்மடலை நான் ஏற்ற நாள் முதல் இன்றுவரை இதில் ஒரு திருத்தம்கூட வெளிவந்ததில்லை என்பதை நீ அறிவாய். அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் பகலெல்லாம் பிறர் எழுதியதை மடிப்பதும் தைப்பதுமே என் பிழைப்பு. மடிக்கும் தாள்களைப் படித்தே தமிழ் கற்றவள் நான். ஒரு வரி பிழையாக அச்சேறினால் அது எத்தனை கைகளுக்குப் போகும் என்பது எனக்குப் புதிதாகச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. என் மடலில் இரண்டே தலைப்புகள் உள்ளன. நடந்தவை, நடக்கவிருப்பவை. 'நடக்கலாம்' என்றொரு தலைப்பு அதில் இருந்ததில்லை, இனியும் இராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குவாரி நீரில் மூழ்கி மூடப்பட்டது. ஊரில் பாதிப் பேர் வேலை தேடிச் சென்றனர். உங்களுக்கென்று ஒரு போதகர் இல்லை; மூன்று சபைகளை மோட்டார் சைக்கிளில் சுற்றிவரும் ஒருவரின் மூன்றில் ஒரு பங்குதான் உங்களுக்கு. இந்நிலையில் இச்செய்தி உங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது என்பதே எனக்கு வியப்பாக உள்ளது.

என் கண்ணாடியின் ஒரு காலில் திருகாணி விழுந்துவிட்டது. நூல் கட்டி வைத்திருக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் கையெழுத்து கோணலாக இருப்பதற்கான காரணமாகவே சொல்கிறேன்.

உன் மூத்த சகோதரி


ஜூலை 16

அக்கா,

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊராருக்குத் திருகாணி முடுக்குகிறேன். உனக்கு முடுக்க முடியாது, ஏனென்றால் நீ வர மாட்டாய். நூலே கட்டிக்கொள்.

உனக்கு ஒழுங்குப் புத்தகம் தலைகீழ்ப் பாடம். ஒரு சபையை மூடுவது எப்படி என்று நீயே சொல். இரண்டு ஞாயிறு பிரசங்கபீடத்திலிருந்து அறிவிக்க வேண்டும். சபையார் கூடி, பேசி, கை தூக்க வேண்டும். அதன் பிறகுதான் மன்றம் வாய் திறக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் தேதி ஆகஸ்ட் பத்து. இன்னும் முதல் அறிவிப்பே படிக்கவில்லை. ஒருவேளை தேவைப்படுமே என்று தலைவர் தன் டைரியில் ஒரு நாளைப் பிடித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அதைப் போய் நீ ஊருக்கே முரசடித்துவிட்டாய்.

அதனால் என்ன ஆயிற்று என்று கேள். திங்கட்கிழமை யாரோ ஓர் ஆள் டேப் எடுத்துவந்து பெஞ்சுகளை அளந்துகொண்டிருந்தான். "நீ யாருப்பா?" என்றேன். "ஓட்டல் வைக்கிறேங்க. மூடப் போறாங்கன்னு மடல்ல பார்த்தேன். பெஞ்சு நல்ல மரம்னாங்க" என்றான். பைக் போதகர் வரும் ஞாயிறுக்கு ரொட்டிக்கடை அம்மா சபை மாற்றுச் சான்று எழுதி வாங்கத் தயாராக இருக்கிறார். கடையில் கண்ணாடி மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீ என்ன வேணா சொல்லும்மா. அச்சுல வந்துடுச்சு. அச்சுல வந்தப்புறம் நாம கை தூக்கி என்ன, தூக்காம என்ன?"

எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். நான் மட்டும் வாசல் வாசலாக, "இன்னும் முடிவாகல, கூட்டத்துக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டு அலைகிறேன். பத்தாம் தேதி ஆள் சேரவில்லை என்றால் கூட்டமே செல்லாது. அப்புறம் மன்றம் அதன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். உன் நாலு வரி அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் மடலில் ஒரு திருத்தம் போடு. கேட்பது அவ்வளவுதான்.

நான் கேட்காத, ஊர் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "அகராதிக்கு நம்ம மேல இருந்த பழைய காந்தல் தீர்ந்துச்சு" என்கிறார்கள். உன்னை எழுத்தராக்காமல் விட்டதற்கு நீ இப்படிக் கணக்குத் தீர்த்தாயாம். நான் அப்படி நினைக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு நாளாக அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை.

தங்கை


ஜூலை 21

தங்கைக்கு,

உன் கடைசிப் பத்தியை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு விடை எழுத முயன்றேன். இயலவில்லை.

அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிய நாட்களில் சபைக் கூட்டக் குறிப்புகளை அவருக்காக எழுதியவள் நான். அவர் மறைந்தபின் எழுத்தர் பொறுப்புக்கு என் பெயர் வந்தபோது, "பள்ளிக்கூடம் முடிக்காத பொண்ணு எழுதினா மன்றத்துல சிரிப்பாங்க" என்று ஒரு குரல் எழுந்தது. மன்றம் சிரிப்பதற்குள் அந்த அறை சிரித்துவிட்டது. அன்றுதான் எனக்கு அகராதி என்ற பெயரும் சூட்டப்பட்டது. நீயும் அங்கிருந்தாய். நீ சிரிக்கவில்லை, அதை நான் மறுப்பதில்லை. ஆனால் பேசவும் இல்லை.

அன்று மாற்றுச் சான்று வாங்கிக்கொண்டு இந்நகரச் சபைக்கு வந்தேன். பழி தீர்ப்பது என் நோக்கமாக இருந்திருப்பின் அதற்கு நான்கு வரிகளா செலவிடுவேன்? முழு மடலையும் எடுத்துக்கொண்டிருப்பேன்.

திருத்தம் குறித்து இப்போதைக்கு ஏதும் சொல்வதற்கில்லை.

உன் மூத்த சகோதரி


ஜூலை 26

அன்புள்ள தங்கைக்கு,

நீ பதில் எழுதும் முன்பே மீண்டும் எழுதுகிறேன். இது என் வழக்கமன்று.

சென்ற கடிதத்தை அஞ்சல் பெட்டியில் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. துறைமுகச் சபையின் கூரைப் பிரதிஷ்டை நாளையும் தலைவரின் நிரலைப் பார்த்துத்தான் அறிந்தேன். ஆனால் அச்சேற்றுமுன் அவர்கள் எழுத்தரை அழைத்து உறுதி செய்துகொண்டேன். ரயிலடிச் சபையின் மூப்பர்கள் பெயருக்கு இருமுறை அழைத்தேன். வினாடி வினாவுக்குத் தேநீர்ப் பாத்திரம் கொண்டுவருவது எந்தச் சபை என்பதைக்கூட விசாரித்திருக்கிறேன். குவாரிச் சபைக்கு மட்டும் ஒருவரையும் அழைக்கவில்லை. அழைத்திருந்தால் போனை எடுத்திருக்கக்கூடியவள் என் சொந்தத் தங்கை.

ஏன் அழைக்கவில்லை? ஊர் சொல்லும் காந்தல் காரணமன்று. அதுவாக இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். என் கணக்கில் அந்தச் சபை நான் வெளியேறிய அன்றே முடிந்துபோயிற்று. முடிந்துபோனதைப் பற்றி யாரிடம் விசாரிப்பது என்று இருந்துவிட்டேன் போலும். வாக்கெடுப்பு என்றொன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை, ஒழுங்குப் புத்தகத்தைத் தலைகீழ்ப் பாடமாக வைத்திருக்கும் எனக்கு.

நேற்று மன்றச் செயலரைப் பார்த்தேன். அவர் கோப்புகளுக்கு நடுவே மதிய உணவு உண்டுகொண்டிருந்தார். திருத்தம் வெளியிடப் போவதைச் சொன்னேன்.

"என்னம்மா இது, இதுக்குப் போய்த் திருத்தமா? எப்படியும் அவங்க மூடறேன்னுதான் சொல்லப் போறாங்க. அப்ப நீங்க போட்டதே சரியாயிடும். பேசாம விடுங்க."

"ஆகஸ்டில் முடிவாக வேண்டியதை ஜூலையில் அச்சிட உங்கள் மன்றத்துக்கு அதிகாரம் உண்டா, ஐயா?"

"உங்ககிட்ட வாயைக் கொடுத்து மீள முடியாது. ஆனா ஒண்ணு யோசிங்க. திருத்தம் போட்டா, முதல்ல யார் சொல்லிப் போட்டீங்கன்னு கேள்வி வரும். தலைவர் முன்கூட்டியே நாள் குறிச்சு வெச்சுட்டார்னு பேச்சு வரும். அவரை சந்தி சிரிக்க வைக்கணுமா?"

"தலைவர் பெயர் வராது. பிழை என்னுடையது என்று எழுதுவேன்."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "அப்படி எழுதினா, இனிமே ஒவ்வொரு மடலையும் அச்சுக்கு முன்னாடி நான் பார்க்க வேண்டி வரும்மா. வேற வழியில்ல" என்றார். அவர் கெட்டவர் அல்லர். தம் வேலையைப் பார்க்கிறார்.

என் எழுத்தை என்னையன்றி ஒருவரும் திருத்தாத இடம் இவ்வுலகில் இந்த ஒரு தாள்தான். யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்தேன். பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் யோசித்து முடித்தாயிற்று.

உன் மூத்த சகோதரி


ஆகஸ்ட் 3

அக்கா,

மடல் வந்தது. முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, கூடுகைக்கும் வினாடி வினாவுக்கும் மேலே போட்டிருக்கிறாய். உள்பக்கத்து மூலையில் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். வெடிக்காரர்தான், "கண்ணாடிக் கடைக்காரிக்குக் கண்ணு தெரியலையா? மொகத்துல அடிச்ச மாதிரி இருக்கே!" என்று காட்டினார்.

பைக் போதகர் இன்று இங்கே இல்லை, வேறு சபையில் முறை. அறிவிப்பு படிக்கும் வேலை என் தலையில். இரண்டாம் முறைக் கூட்ட அறிவிப்பைப் படித்துவிட்டு, உன் திருத்தத்தையும் படித்தேன்:

"குவாரிச் சபையின் நிறைவு ஆராதனை குறித்து ஜூலை மடலில் வெளிவந்த செய்தி தவறானது. அச்சபை அத்தகைய முடிவு எதையும் எடுக்கவில்லை. முடிவெடுக்கும் உரிமை அச்சபையாருக்கே உண்டு. ஆகஸ்ட் பத்தாம் நாள் ஆராதனைக்குப் பின் அவர்கள் கூடுகின்றனர். எங்கு வசித்தாலும், பெயர் பதிவில் உள்ள உறுப்பினர் அனைவரும் வர வேண்டும். பிழை தொகுப்பவருடையது."

கடைசி வரியைப் படித்ததும் எல்லோரும் கையிலிருந்த மடலைத் திருப்பிப் பார்த்தார்கள். ரொட்டிக்கடை அம்மா பக்கத்து ஆளிடம், "அகராதியா இப்படி எழுதினா?" என்று கேட்டது பீடம் வரை கேட்டது. மாற்றுச் சான்று விஷயத்தைப் பத்தாம் தேதிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

உன் வாழ்நாளில் நீ எழுதிய மிகச் சின்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அதற்கு நீ என்ன விலை கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். அந்தச் செயலர் சிவப்புப் பேனா வாங்கிவிட்டாரா?

அன்று அந்த அறையில் நான் பேசியிருக்க வேண்டும். அப்போது நான் சின்னப் பெண்தான், ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். நேரில் வா, பேசிக்கொள்ளலாம்.

தங்கை


ஆகஸ்ட் 11

அக்கா,

நேற்றுக் கூட்டம் நடந்தது. உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன்.

ஆள் வந்தார்கள். நான் எதிர்பார்த்ததற்கு மேல் வந்தார்கள். வேலை தேடி எங்கெங்கோ போனவர்கள், உன் மடல் அந்தந்த ஊர்ச் சபைகளின் மேசையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார்கள். நான் ஒரு வரி பாட, திரும்பி வந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா இருந்திருந்தால் சந்தோஷத்தில் தாளம் தப்பியிருப்பார். கூட்டம் செல்லுமா செல்லாதா என்ற கவலை அங்கேயே தீர்ந்தது.

பைக் போதகர் கூட்டத்தை நடத்தினார். தூரத்திலிருந்து வந்த ஒருவர், கல் உடைத்தவரின் மகன், முதலில் எழுந்தார். "இது எங்கப்பா தூக்கி வெச்ச கல்லு. எவன் சொன்னாலும் மூடக் கூடாது!" என்றார். கைதட்டல். நானும் தட்டினேன்.

வெடிக்காரர் அவரைப் பார்த்து, "சந்தோஷம்ப்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவியா?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம் ஷிஃப்ட் இருக்கு பெரியப்பா."

"அதுக்கடுத்த வாரம்?"

அவர் உட்காராமல் நின்றபடியே இருந்தார், பாவம்.

"நான் உன்னைக் குத்தம் சொல்லல" என்றார் வெடிக்காரர். நேற்றுதான் முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "நானும் எம் பேத்தி வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். எனக்கப்புறம் கதவு திறக்க ரெண்டு மூணு பேரு. மழைக்குச் செவுத்துல ஓதம் ஏறுது. மூடறதுன்னா நாமளே மூடுவோம்ப்பா. சாவி நம்ம கையில இருக்கறப்பவே. அப்புறம் ஒருத்தருமில்லாம, எவனோ வந்து பூட்டிட்டுப் போனா அது நல்லாருக்காது."

நிறைய பேர் பேசினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. கடைசியில் போதகர் கை தூக்கச் சொன்னார்.

மூடுவது என்று முடிவாயிற்று.

நானும் தூக்கினேன், அக்கா. மூடலாம் என்பதற்குத்தான். வாசல் வாசலாக அலைந்தவள் நான், பெஞ்சு அளக்க வந்தவனை விரட்டியவள் நான். கை முதலில் எழவில்லை. பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போன பிறகு வரும் ஞாயிறுகள் எனக்குத் தெரியும். தூக்கிவிட்டேன்.

திட்டுவதென்றால் திட்டி எழுது.

தங்கை


ஆகஸ்ட் 17

அன்புள்ள தங்கைக்கு,

திட்டும் நோக்கமில்லை. ஆயினும் மறைக்கவும் விரும்பவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபமே.

அடுத்த மாத மடலின் வரைவு செயலரிடமிருந்து திரும்பி வந்திருக்கிறது. பெண்கள் ஐக்கியத்தின் கூடுகையைப் பற்றி நான் எழுதிய அழகிய வாக்கியம் ஒன்றை இரண்டாக வெட்டியிருக்கிறார். "சிறப்புற நடைபெறவிருக்கின்றது" என்பதை அடித்து, "நடக்கும்" என்று எழுதியிருக்கிறார். நான் அப்படியே மாற்றிக்கொடுத்தேன். எதற்காக இதை ஏற்றேன் என்று நினைத்துப் பார்த்தேன். உங்கள் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காக. திறந்திருக்கும் என்று நம்பி என் தாளை அவரிடம் கொடுத்தேன். நீயோ கை தூக்கிக் கதவைச் சாத்திவிட்டு அதை எனக்கே எழுதுகிறாய்.

செயலர் மட்டும் மகிழ்ச்சியாக இருக்கிறார். "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேனே!" என்றார். முன்னமே நீங்கள் சொன்னது போலவே ஆயிற்று, ஐயா என்றேன். வேறென்ன சொல்வது?

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஜூலையில் வந்ததும் ஆகஸ்டில் வந்ததும் ஒரே முடிவு. இடையில் நாம் இருவரும் பட்ட பாட்டுக்குப் பொருள் என்ன?

உன் மூத்த சகோதரி


ஆகஸ்ட் 22

அக்கா,

பொருள் எல்லாம் சொல்லத் தெரியாது. ஜூலையில் உன் வரியைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. பத்தாம் தேதி இரவு தூங்கினேன். அழுதுவிட்டுத்தான், ஆனால் தூங்கினேன். ரொட்டிக்கடை அம்மா மாற்றுச் சான்று கேட்கவில்லை, "கடைசி நாள் வரைக்கும் இங்கதான்" என்கிறார். பெஞ்சுகளை ஓட்டல்காரனுக்குத் தர மாட்டோம். துறைமுகச் சபையின் புதுக் கூரைக்குக் கீழே போடக் கொடுப்பது என்று நாங்களே தீர்மானித்தோம். பீடத்து வேதாகமம் பைக் போதகரோடு போகும். இதை எல்லாம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சண்டை போட்டு, தேநீர் குடித்து முடிவு செய்தோம். நீ வந்திருந்தால் குறிப்பு எழுதியிருப்பாய்.

செப்டம்பர் மடலுக்கு எங்களிடமிருந்து ஒரு செய்தி. ஜூலையில் போட்டாயே, அதே நான்கு வரி. அதே நாள், அதே மணி. அப்படியே போடு. நன்றாகத்தான் எழுதியிருந்தாய், சபையைக் கேட்காமல் எழுதினாய், அவ்வளவுதான். இப்போது சபை சொல்கிறது, நீ எழுது. செயலர் சிவப்புப் பேனாவை எடுத்தால், இது குவாரிச் சபை தன் கூட்டத்தில் ஒப்புக்கொண்ட வாசகம், ஓர் எழுத்தையும் மாற்ற மன்றத்துக்கு உரிமை இல்லை என்று வெடிக்காரர் சொன்னதாகச் சொல். உண்மையாகவே சொன்னார். தெருவே கேட்டது.

நீ வா. 'அனைவரும் வருக' என்று நீதானே எழுதியிருக்கிறாய்?

தங்கை


செப்டம்பர் 30

அன்புள்ள தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நீ முடுக்கிக்கொடுத்த திருகாணி உறுதியாக இருக்கிறது. நூல் கட்டியிருந்த இடத்தை விரல் இன்னும் தேடிப் போகிறது.

அக்டோபர் மடல் இம்முறை ஒரு வாரம் தாமதமாகும். இதுவும் முதன்முறை. காரணம், ஞாயிறு மாலையை 'நடந்தவை' பகுதியில் எழுதுவதற்காக நேற்றும் இன்றும் உட்கார்ந்தேன். மன்றத் தலைவரின் செய்தியையும் வந்திருந்த சபைகளின் பெயர்களையும் எழுதிவிட்டேன். வெடிக்காரர் கதவைப் பூட்டிச் சாவியைப் போதகர் கையில் வைத்ததையும், "பத்திரம்ப்பா" என்று அவர் சொன்னதையும் எழுதினேன். அதற்குமேல் எழுத வரவில்லை. உங்கள் பாடலைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. நான் எழுதினால் அங்கு நடந்த ஒன்றை விட்டுவிட வேண்டியிருக்கும். விட்டுவிட்டு எழுதினால் அது 'நடந்தவை' ஆகாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இம்மடலில் பிறர் எழுத இதுவரை நான் இடம் கொடுத்ததில்லை. அப்பகுதியை நீ எழுதி அனுப்பு. செயலரிடம் பேசிவிட்டேன். குவாரிச் சபையிலிருந்து வரும் கடைசிச் செய்தியில் பேனா வைப்பதில்லை என்று அவரும் வாக்களித்திருக்கிறார். நானும் வைக்க மாட்டேன்.

உன் மூத்த சகோதரி


அக்டோபர் 4

அக்காவுக்கு,

கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதினேன். நான்கைந்து தடவை அடித்து எழுதினேன், நீ எப்படி மாதாமாதம் இதைச் செய்கிறாய்?

சின்ன வயதில் நீ பாட வாயெடுத்தால் அப்பா, "நீ மனசுக்குள்ள பாடும்மா, சாமிக்குக் கேட்கும்" என்பாரே, நினைவிருக்கிறதா? அதை இதில் எழுதவில்லை. உன் பெயரும் இதில் இல்லை, பயப்படாதே. வாக்குக் கொடுத்திருக்கிறாய், எதையும் அடிக்காதே. முக்கியமாகக் கடைசிக்கு முந்தைய வரியை.

தங்கை

"செப்டம்பர் 28, ஞாயிறு மாலை. குவாரிச் சபையார் தங்கள் நிறைவு ஆராதனையை நடத்தினார்கள். ஆர்கன் இல்லாத சபை என்பதால், முன்பாடகி ஒவ்வொரு வரியாகப் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். கடைசி வரிக்கு வந்தபோது முன்பாடகிக்குக் குரல் வரவில்லை. பிறகு பின்வரிசையில், வெகுகாலத்துக்கு முன் இந்தச் சபையை விட்டுப் போன ஒரு பெண் எழுந்து அந்த வரியைப் பாடினார். குரல் நன்றாக இல்லை. சபை அதைத் திருப்பிப் பாடியது."